ஒரு வீட்டுக்கு ஆறு செடி

மொன்டெவிடேயோ, பலெர்மோ பேட்டை
மார்ச் 9, 2016

எபர்,

சுகம்தானே? எனக்கு ஒன்றும் குறைவில்லை. இது சமாதானக் கடிதம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் சுரங்க வேலைக்கு நீ பெட்டியைத் தூக்கியபோது, "போறதுன்னா போ. நான் கூப்பிடாம இந்த வாசல்ல கால் வைக்காதே" என்று சொன்னேனே, அதை நான் வாபஸ் வாங்கவில்லை. எனக்கு வேண்டியது டியூப் லைட் பற்றி ஒரு யோசனை. எனக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் நீ ஒருவன்தான், என் தலையெழுத்து.

போனில் கேட்டால் "ம்" என்பாய், "பார்க்கலாம்" என்பாய், வைத்துவிடுவாய். கடிதமென்றால் நாலு வரியாவது எழுதித்தான் ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். தபால் நிலையத்துக்குப் போய், வீட்டில் கஞ்சா வளர்க்கப் பதிவு செய்துவிட்டேன், இப்போதுதான் சட்டமே இடம் கொடுக்கிறதே. விரல் மூட்டு கொஞ்சம் வலிக்கிறது. பூவை எண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தால் இதமாக இருக்கும் என்று மேல்மாடி தெரேசிதா சொன்னாள். கைரேகை எடுத்த பெண் ஒரு பிரசங்கமே செய்தாள். "ஒரு வீட்டுக்கு ஒரு பதிவு, ஆறு செடி. வீட்ல பத்துப் பேர் இருந்தாலும் அவ்வளவுதான். இன்னொருத்தர் பேர்ல இதே விலாசத்துக்கு இன்னொண்ணு ஆகாது." "இன்னொருத்தர் யாரும் இல்லம்மா" என்றேன்.

வளர்க்கப்போவது உன் சாமான் கிடந்த பின்னறையில். அங்கே வெயில் எப்படி வரும் என்று உனக்கே தெரியும்: நாலு பக்கமும் சுவர், வெளியே முற்றத்தில்கூடக் கைக்குட்டை அளவு வானம். கடைக்காரன் பானை மாதிரி ஒரு பெரிய விளக்கைக் காட்டி, "சூரியனே வீட்டுக்குள்ள வந்துடும் அம்மணி" என்கிறான். அதன் விலை என் இரண்டு மாத வாடகை. சூட்டில் ரொட்டியே சுடலாம் போலிருக்கிறது. என் கைக்கு எட்டுகிற மாதிரி டியூப் லைட் எது என்று எழுது. அது போதும், வேறெதுவும் எழுத வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
சுல்மா

•

அர்த்திகாஸ், சுரங்க முகாம்
மார்ச் 24

சுல்மா,

கடிதம் கிடைத்தது. நான் நலம். இடது காதில் மட்டும் வெடிச் சத்தம் குடியேறிவிட்டது.

அந்தப் பெரிய விளக்கை வாங்காதே. சின்ன அறையில் செடி வெந்துபோகும், மின்சார ரசீது உன்னை வேகவைக்கும். சாதாரண நாலடி டியூப் போதும். இரண்டு டியூப் மாட்டுகிற பட்டி இரண்டு வாங்கு. புதிது வேண்டாம். மூடிய கடைகளில் கழற்றிய பட்டியை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சும்மா மாதிரி கொடுப்பார்கள். டியூப் மட்டும் புதிதாக இருக்கட்டும். ஓரம் கறுத்த டியூப் கண்ணுக்கு எரியும், செடிக்கு எரியாது.

டியூப்பின் ஓரத்தில் மூன்று எண் அச்சடித்திருக்கும். 865 என்றால் பகல் வெள்ளை. வளருகிற காலத்துக்கு அதுதான். 830 என்றால் மஞ்சள். அது பிறகு, பூக்கிற காலத்துக்கு. மாற்றிவிடாதே.

டியூப் லைட்டின் பலம் அதிக தூரம் போகாது. நுனி இலைக்கும் டியூப்புக்கும் நாலு விரல் இடைவெளி. செடி வளர வளரப் பட்டியை ஏற்ற வேண்டும். அதனால் சங்கிலியில் தொங்கவிடு. சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடி. நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் எரியட்டும், டைமர் போட்டுவிடு.

நீ வாசலில் சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது. கூப்பிட்டிருந்தால் நானே வந்து மாட்டியிருப்பேன். கூப்பிடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எந்தக் கை வலிக்கிறது?
எபர்

•

மொன்டெவிடேயோ
ஏப்ரல் 17

கிழவா,

நலமாக இருக்கிறாய் என்று எழுதியதில் சந்தோஷம். ஒரு காது போனாலென்ன, நான் பேசும்போது உனக்கு இரண்டுமே வேலை செய்ததில்லை.

விளக்கு மாட்டியாகிவிட்டது. சந்தையில் பட்டி இரண்டும் ஒரு மூடிய செருப்புக் கடையுடையது. சங்கிலி கிடைக்கவில்லை, திருவிழா உடைகளில் நான் வைத்துத் தைக்கும் தடித்த நாடாவில் கட்டித் தொங்கவிட்டேன். ஆறு விதையும் முளைத்தன. ஆனால் ஒரே வாரத்தில் நெடுநெடுவென்று நூலாக நீண்டு, ஞாயிறு காலைக் குடிகாரர்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன.

மறைப்பானேன், நான் வாங்கியது 830. கடையில் இரண்டையும் எரியவிட்டுக் காட்டினான். வெள்ளை விளக்கில் என் கையைப் பார்த்தேன், ஆஸ்பத்திரியில் பார்ப்பது போலிருந்தது. நம் சமையலறையில் நீ எப்போதும் மஞ்சள்தான் மாட்டுவாய். அந்த வெளிச்சம் வீட்டுக்குள் ஆள் இருக்கிற மாதிரி காட்டும். எனக்கு அது வேண்டியிருந்தது. செடிக்கு வேண்டாமென்றால் நான் என்ன செய்ய?

நேற்று மழை. மாவு பிசைந்து ரொட்டி பொரிக்கலாமென்று நினைத்தேன். பிறகு கடையிலேயே வாங்கிவிட்டேன்.

சூடாக ஏதாவது சாப்பிடு.
சுல்மா

•

அர்த்திகாஸ்
மே 6

கிழவி,

செடிக்கு வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்ற கவலை கிடையாது. 865 வாங்கு. மஞ்சளைத் தூக்கிப் போடாதே, துணியில் சுற்றி வை, ஆகஸ்டில் தேவைப்படும். சாய்ந்தவற்றைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக விதை போடு. நாடாவை நம்பாதே. பட்டி விழுந்தால் டியூப் நொறுங்கும், அந்தப் பொடியை மூச்சில் இழுக்கக் கூடாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை. நானும் பதிவு செய்தவன்தான், இங்கே அர்த்திகாஸ் தபால் நிலையத்தில். என் தகரக் குடிசைக்குப் பின்னால் ஆறு செடி, வெயிலில். காதில் கூவுகிற சத்தத்துக்கு, தூக்கம் வருவதற்காக. சுரங்கத்துக்குள் நாள் முழுக்க விளக்கு மாட்டுகிறவன் தன் செடிக்கு ஒரு பல்பு போடவில்லை என்று கூட வேலை செய்கிற நீலோ சிரிக்கிறான். "உன் பொண்டாட்டிக்கு விளக்கு, உனக்கு வெயிலா? நல்லாப் பங்கு பிரிச்சீங்கப்பா" என்கிறான்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. முகாமில் சமைக்கிற லெனிர் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரி, கணவனை இழந்தவள். கறுப்பு பீன்ஸில் கை தேர்ந்தவள். எனக்கு மட்டும் ஒரு கரண்டி கூடப் போடுகிறாள் என்று நீலோ புகார் சொல்கிறான்.

உன் எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது? முன்பு எறும்பு மாதிரி எழுதுவாய். எந்தக் கை என்று கேட்டிருந்தேன்.

எபர்

•

மொன்டெவிடேயோ
ஜூன் 12

எபர்,

கரண்டிக்காரி நலமா? அவளை முதலில் விசாரிப்பதுதான் மரியாதை.

865 மாட்டிவிட்டேன். சங்கிலியும் வாங்கிவிட்டேன். புதிய ஆறும் குட்டையாக, தடியாக, உன் அத்தைகள் மாதிரி நிற்கின்றன. சுண்ணாம்பை தெரேசிதா அடித்தாள். பாதிச் சுவர், பாதி அவள் தலைமுடி.

ஜூன் பிறந்ததும் குளிர் வந்துவிட்டது. பகல் நாலரைக்கே வீடு இருட்டிவிடுகிறது. பின்னறை ஒன்றுதான் இளஞ்சூடாக இருக்கிறது. மாத்தே தேநீர் டம்ளரையும் வெந்நீர் ஃபிளாஸ்கையும் எடுத்துக்கொண்டு அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறேன். பட்டியில் ஒரு சோக் இரைகிறது. வாயில் இரண்டு திருகாணியைக் கவ்விக்கொண்டு நீ முனகுவாயே, கிட்டத்தட்ட அந்தச் சுருதி. முதலில் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். இப்போது மாற்ற மனமில்லை. சில நாள் கண்ணை மூடிக்கொள்கிறேன். நீ ஏணிமேல் நிற்கிறாய் என்று வைத்துக்கொண்டு ஏதாவது பேசுகிறேன். நீ பதில் சொல்வதில்லை. அந்த வகையில் அசல் நீயேதான்.

திருவிழாக் குழுவிலிருந்து முப்பது கோட்டு தைக்கச் சொல்லி வந்தார்கள். இந்த வருஷம் வேண்டாமென்றேன். துணியின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை.

காதுக்குப் பஞ்சு வை.
சுல்மா

•

அர்த்திகாஸ்
ஜூலை 3

சுல்மா,

நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை.

இருபத்திரண்டு வருஷம் உன்னோடு இருந்தேன். வாந்தி எடுத்த மாதிரி ஒரு பச்சைத் துணியில் நாற்பது கோட்டு தைத்தவள் நீ. நிறம் பிடிக்காமல் முப்பது கோட்டை வேண்டாமென்று சொன்னாய் என்றால் இங்கே நீலோகூட நம்பமாட்டான். மாவு பிசையவில்லை, சுண்ணாம்பு அடிக்கவில்லை, இப்போது தைக்கவும் இல்லை.

மூன்றாவது தடவை கேட்கிறேன். எந்தக் கை? எவ்வளவு?

நீ விளக்கைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னாய், தெரியும். விளக்கைப் பற்றியும் எழுதுகிறேன். ஆகஸ்ட் தொடக்கத்தில் மஞ்சள் டியூப்புக்கு மாறு. டைமரைப் பன்னிரண்டு மணிக்குக் குறை. பன்னிரண்டு மணி வெளிச்சம், பன்னிரண்டு மணி சுத்தமான இருட்டு. அந்த இருட்டில் கதவைத் திறந்து ஒரு கீற்று உள்ளே விட்டாலும் செடி குழம்பிவிடும், பூக்காது. குட்டிப் பச்சைப் பை மாதிரி எதையாவது கணுவில் பார்த்தால் அது ஆண் செடி, பிடுங்கிவிடு.

பதில் போடு.
எபர்

•

மொன்டெவிடேயோ
ஆகஸ்ட் 21

மதிப்புள்ள எபர்,

இதை எழுதுவது மேல்மாடி தெரேசிதா. சுல்மா எதிரே உட்கார்ந்து சொல்கிறாள், நான் எழுதுகிறேன். ஏழு வாரமாகப் பதில் போடாததற்கு மன்னிப்பு என்று முதலில் எழுதச் சொன்னாள். பிறகு மன்னிப்பைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னாள்.

அவள் நலம். நீ நலமா? மஞ்சள் டியூப் மாட்டியாகிவிட்டது. இருட்டு மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை. இரண்டு செடி ஆண், பிடுங்கிவிட்டோம். "ஆம்பளைங்களை வெளியே அனுப்பறதுல எனக்கு அனுபவம் உண்டுன்னு எழுது" என்கிறாள். எழுதிவிட்டேன். மிச்சம் நாலு. நான் ஏன் எழுதுகிறேன் என்றால், அவள் மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது.

அவள் இப்போது வெந்நீர் வைக்கப் போயிருக்கிறாள். அதற்குள் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி உடையவில்லை. ஜனவரிக் கோடையிலிருந்தே இரண்டு கையாலும் கத்திரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டாள். "அவனுக்குத் தெரிஞ்சா இரக்கப்பட்டு வருவான். இரக்கத்துக்கு வர்ற ஆள் எனக்கு வேண்டாம்" என்கிறாள். உன் கடிதம் வருகிற நாளில் மட்டும் தலை வாரிவிடச் சொல்கிறாள். கூப்பிடமாட்டாள், எபர். நாக்கைக் கடித்துக்கொண்டு செத்தாலும் கூப்பிடமாட்டாள்.

வந்துவிட்டாள். எல்லோரும் சுகம்.

சுல்மாவுக்காக,
தெரேசிதா

•

அர்த்திகாஸ்
செப்டம்பர் 5

சுல்மா,

நலம்.

இன்று அர்த்திகாஸ் தபால் நிலையத்துக்குப் போய் என் பதிவை ரத்து செய்துவிட்டேன். ஆறு செடியையும் பிடுங்கியாகிவிட்டது. காரணம் உனக்கே புரியும்.

உன் நாலு செடிக்கும் இருட்டைச் சரியாகக் கொடு.

எபர்

•

மொன்டெவிடேயோ
செப்டம்பர் 14

எபர்,

இதைத் தெரேசிதாவிடம் சொல்லி எழுத வெட்கமாக இருந்தது. பென்சிலை முஷ்டியில் பிடித்து எழுதுகிறேன். கோணலை நீயே நிமிர்த்திப் படித்துக்கொள்.

புரிந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு பதிவு. தன் பதிவை ஒருவன் எப்போது ரத்து செய்வான்? ஏற்கெனவே பதிவு இருக்கிற வீட்டுக்குக் குடிபோகும்போது. தபால் நிலையத்துப் பெண் என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. லெனிரும் பதிவு செய்தவள் என்று நீ எழுதவே இல்லையே. ஒரு கரண்டி கூடப் போட்டாள் என்று மட்டும் எழுதினாய்.

அவள் நல்லவளாகத்தான் இருப்பாள். பீன்ஸ் சாப்பிடு. உடம்பு தேறும். எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் பென்சிலை எடுத்தேன். பொய். கோபம் இருக்கிறது. அதைவிட அதிகமாக வேறொன்றும் இருக்கிறது. நாலு வருஷமாக வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நான் எழுந்து நிற்கிறேன். கூப்பிட்டுத்தான் வரவேண்டுமா, மடையா? இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன எதையும் நீ கேட்டதில்லை. ஏணியைத் துடைத்து வை என்றேன், கேட்டாயா? புகைக்காதே என்றேன், கேட்டாயா? எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் கேட்டுத் தொலைத்தாய்.

இனி எழுதாதே. நன்றாக இரு.
சுல்மா

•

அர்த்திகாஸ்
செப்டம்பர் 22

சுல்மா,

எழுதாதே என்றாய். இதையும் கேட்கப்போவதில்லை.

லெனிருக்குப் பதிவும் கிடையாது, செடியும் கிடையாது. புகை வாசனை வந்தாலே கரண்டியை ஓங்குவாள். உன் கடிதத்தை நீலோவுக்குப் படித்துக் காட்டினேன். அவன் போய் அவளிடம் சொல்லிவிட்டான். "இந்தச் செவிட்டுக் கிழவனையா? இலவசமாக் கொடுத்தாலும் வேண்டாம்" என்றாளாம். இரண்டு நாளாக என் தட்டில் கரண்டி குறைந்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். ரத்து செய்கிற படிவத்தில் இரண்டு கேள்வி. ரத்து செய்யக் காரணம் என்ன? வீடு மாறுவதானால் புது விலாசம் என்ன? காரணம்: வீடு மாறுகிறேன். விலாசத்தில் உன் தெருவும் கதவு எண்ணும் எழுதினேன். கவுன்ட்டரில் இருந்தவர் கணினியைத் தட்டிப் பார்த்தார். "இந்த விலாசத்துல ஏற்கெனவே ஒரு அம்மா பதிவு பண்ணியிருக்காங்களே. அங்க போனீங்கன்னா உங்க பேர்ல ஒரு செடிகூட வெக்க முடியாது, தெரியுமில்ல?" என்றார். "தெரியும். அதுக்குத்தான் ரத்து பண்றேன்" என்றேன்.

இது உனக்குப் புரியும் என்று நினைத்தேன். பாதி புரிந்துகொண்டு மீதியை லெனிர் வீட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டாய்.

தெரேசிதா எழுதியதால் வருகிறேன் என்று நினைக்காதே. அவள் எழுதியதைப் படித்ததும் போன நாலு வருஷத்தை நினைத்து எனக்கு வெட்கம்தான் வந்தது. இரக்கம் வரவில்லை. எனக்கும் ஒரு காது இல்லை, உனக்கு இரண்டு கையும் இல்லை. யார் யாருக்கு இரக்கப்படுவது? எனக்கு உன் சத்தம் வேண்டும், சுல்மா. இந்தக் காதுக்குள் கூவுகிறதற்கு மேலே கேட்கிற சத்தம் உலகத்தில் அது ஒன்றுதான்.

வேலையிலிருந்து நின்றுவிட்டேன். பெட்டி கட்டியாகிவிட்டது. ஆனால் நீ அன்றைக்கு வாசலில் சொன்னது சொன்னதுதான். பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறேன்.

எபர்

•

மொன்டெவிடேயோ
அக்டோபர் 1

எபர்,

தெரேசிதா எழுதுகிறேன். உன் கடிதம் வந்ததும் ஒரு தடவை வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தடவை கேட்டாள். மூன்றாம் தடவை "உன் தெருவும் கதவு எண்ணும்" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். லெனிரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாள். இந்தத் தடவை அடிக்கச் சொல்லவில்லை. சுகம் விசாரிக்க மறந்துவிட்டேன். எப்படியும் நேரில் பார்க்கப்போகிறோம். கடைசிப் பத்தியைத் தானே எழுதுவாளாம், என்னை மாடிக்குப் போகச் சொல்கிறாள். போகிறேன்.

எபர், வா. வியாழக்கிழமை பஸ்ஸில் ஏறு, ஜன்னலோரம் உட்காராதே, காதில் காற்று அடிக்கும். வெள்ளி காலை அஞ்சரைக்கு வந்து சேரும். வாசல் சாவி தெரேசிதாவின் பூந்தொட்டிக்கு அடியில். சத்தம் போடாமல் வா. பின்னறைக் கதவை மட்டும் திறக்காதே, செடிகளுக்கு ஏழு மணி வரைக்கும் இருட்டு வேண்டும். எனக்கு வேண்டாம். என் அறைக் கதவைத் திறந்தே வைத்திருப்பேன்.

சுல்மா